துக்கமும் சந்தோஷமும் விசுவாச வாழ்வில் என்ன செய்கின்றன?

"கர்த்தரை நம்புகிறவர்கள் இப்படி அழலாமா?" ஆறுதல் சொல்வதாக நினைத்துப் பலர் சொல்லும் வார்த்தை இது. இதற்கு நேர் எதிரான பேச்சும் சபைகளில் உண்டு: "கஷ்டம் கூடக் கூடத்தான் பக்தி வளரும், சுகமாக இருப்பவர்களுக்குக் கடவுள் தூரம்." முதல் பேச்சில் விசுவாசத்தை அளக்கும் கோல் சந்தோஷம். இரண்டாவதில் துக்கம்.

இரண்டுமே ஆட்களை நொறுக்குகின்றன. பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் ஆராதனையில் வாய்திறந்து பாட முடியாமல் நிற்கிறார். இழப்பின் பாரம் போதாதென்று, "எனக்கு விசுவாசமே இல்லையோ" என்ற பாரமும் அவர் தலையில் ஏறுகிறது. இன்னொருவருக்கு எல்லாம் நன்றாகவே நடக்கிறது. ஆனால் எந்த நேரம் எந்த அடி விழுமோ என்ற பயத்தில், கிடைத்த நன்மைக்கு மனதார நன்றி சொல்லக்கூட அவருக்கு வாய் வரவில்லை. இவர்கள் இருவருக்காகவும் இதைத் தெளிவாகப் பேசியாக வேண்டும்.

நான் சொல்ல வருவது இதுதான். துக்கத்தையோ சந்தோஷத்தையோ வைத்து ஒருவர் கடவுளுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறார் என்று அளக்க முடியாது. அந்த உணர்வு அவரை எந்தப் பக்கம் நகர்த்துகிறது என்று பார்த்தால்தான் ஏதாவது தெரியும். கிறிஸ்தவ மரபின் பெரிய ஆசிரியர்கள் வேறு வேறு காலத்தில், வேறு வேறு வார்த்தைகளில் இதையே சொல்லியிருக்கிறார்கள்.

மரத்துப்போன கால்

வெகுநேரம் காலை மடக்கி உட்கார்ந்திருந்தால் கால் மரத்துப்போகும். அப்போது வலியே இருக்காது, கிள்ளினாலும் தெரியாது. எழுந்து காலை நீட்டி, உணர்வு திரும்பும்போதுதான் ஊசி ஊசியாகக் குத்தத் தொடங்கும். அந்த வலி நல்ல வலி. ஆனால் அதே காலில் முள் ஏறிச் சீழ் பிடித்தாலும் வலிக்கத்தான் செய்யும். வலிக்கிறது என்ற ஒரு தகவலை மட்டும் வைத்துக்கொண்டு, கால் தேறுகிறதா கெடுகிறதா என்று சொல்ல முடியாது. வலி இல்லை என்பதும் அப்படித்தான். நல்ல காலும் வலிக்காது, மரத்த காலும் வலிக்காது.

உள்ளத்துக்கும் இப்படி மரத்துப்போகும் நிலை ஒன்று உண்டு. தான் செய்த தவறு உறைக்காது, பக்கத்தில் இருப்பவரின் கண்ணீர் தொடாது. வேதாகமம் இதை இருதயக் கடினம் என்கிறது. இந்த நிலையில் உள்ளவர் பார்வைக்கு உற்சாகமாகவே இருக்கலாம். கடவுள் அவரைத் தொடத் தொடங்கும்போது முதலில் வருவது பெரும்பாலும் வலிதான். ஆவிக்குரிய வாழ்வின் தொடக்கத்தில் பலர் காரணம் புரியாமல் அழுவதைப் பார்க்கிறோம். அங்கே திரும்பிக்கொண்டிருப்பது உணர்வு.

துக்கத்தில் இரண்டு வகை

கொரிந்து சபைக்கு எழுதும்போது அப்போஸ்தலர் பவுல் துக்கத்தை இரண்டாகப் பிரிக்கிறார். "தேவனுக்கேற்ற துக்கம் பின்பு மனஸ்தாபப்படுகிறதற்கு இடமில்லாமல் இரட்சிப்புக்கேதுவான மனந்திரும்புதலை உண்டாக்குகிறது, லௌகிக துக்கமோ மரணத்தை உண்டாக்குகிறது" (2 கொரிந்தியர் 7:10). மனந்திரும்புதல் என்றால் வருந்துவது மட்டுமல்ல, போய்க்கொண்டிருந்த வழியை விட்டுக் கடவுள் பக்கம் திரும்பி நடப்பது. ஆக, இரண்டு துக்கங்களிலும் எவ்வளவு கண்ணீர் வந்தது என்று பவுல் கேட்கவில்லை. அவை எங்கே கொண்டுபோய் விட்டன என்றுதான் பார்க்கிறார்.

இதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டாம். இயேசு பிடிபட்ட அந்த ஒரே இரவைச் சுற்றி இரண்டு சீஷர்கள் விழுந்தார்கள், இருவருமே வருந்தினார்கள். யூதாஸின் வருத்தத்தைப் போலி என்று நாம் சுலபமாகத் தள்ளிவிடுகிறோம். மத்தேயு அப்படி எழுதவில்லை. இயேசுவைக் காட்டிக்கொடுக்க வாங்கிய 30 வெள்ளிக்காசை அவன் திருப்பிக் கொண்டுபோனான். "குற்றமில்லாத இரத்தத்தை நான் காட்டிக்கொடுத்ததினால் பாவஞ்செய்தேன்" என்று வாய்விட்டு ஒப்புக்கொண்டான். ஆசாரியர்கள் சொன்ன பதில்: "எங்களுக்கென்ன, அது உன்பாடு." அதற்குப் பிறகு அவன் யாரிடமும் போகவில்லை. துக்கம் அவனை அவனுக்குள்ளேயே பூட்டிவிட்டது.

இயேசுவைத் தெரியாது என்று மூன்று முறை மறுதலித்த பேதுருவும் மனங்கசந்து அழுதான். ஆனால் மற்றவர்களோடு இருந்தான். கல்லறை காலி என்று பெண்கள் வந்து சொன்னதும் எழுந்து ஓடினான். பிறகு கடற்கரையில் இயேசு அவனிடம் மூன்று முறை "நீ என்னை நேசிக்கிறாயா" என்று கேட்கிறார். மூன்றாவது முறை கேட்டபோது பேதுரு துக்கப்பட்டான் என்று யோவான் குறித்துவைத்திருக்கிறார். மறுதலித்ததும் மூன்று முறை, கேள்வியும் மூன்று முறை. காயம் பட்ட இடத்திலேயே விரல் வைக்கப்படுகிறது. வைத்த கையோடு, "என் ஆடுகளை மேய்ப்பாயாக" என்று ஒரு வேலையும் கொடுக்கப்படுகிறது. தேவனுக்கேற்ற துக்கம் ஒருவரைக் குற்ற உணர்வில் உட்காரவைத்துவிட்டுப் போவதில்லை, எழுப்பி அடுத்தவரிடம் அனுப்புகிறது.

நல்ல துக்கத்துக்கும் ஓர் அளவு உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அதே கடிதத்தின் 2-ஆம் அதிகாரத்தில், சபையால் கண்டிக்கப்பட்ட ஒருவரைப் பற்றிப் பவுல் பேசுகிறார். கண்டித்தது போதும், இனி மன்னியுங்கள், ஆறுதல் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அவன் அதிக துக்கத்தில் அமிழ்ந்துபோவான் என்கிறார். ஒருவர் தன் பாவத்துக்காக வருந்துவது நல்லதுதானே, இன்னும் கொஞ்சம் வருந்தட்டும் என்று அவர் விட்டுவிடவில்லை. எனக்கு அந்தக் கடிதத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

இதுவரை சொன்னது: வலி உணர்வு திரும்புவதன் அடையாளமாக இருக்கலாம், அழிவின் அடையாளமாகவும் இருக்கலாம். அது மனிதரைக் கடவுளிடமும் அடுத்தவரிடமும் திருப்புகிறதா, தனக்குள் பூட்டுகிறதா என்பதைப் பார்த்துத்தான் பிரித்தறிய முடியும்.

சந்தோஷம் என்றால் சிரித்த முகமா?

"கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்." பவுல் பிலிப்பியருக்கு எழுதிய கடிதத்தில் உள்ள இந்த வசனத்தை மட்டும் தனியே எடுத்து, துக்கப்படுகிறவர்களை அதட்டுவதற்குப் பயன்படுத்துகிறார்கள். கடிதம் முழுவதையும் வாசித்துப் பாருங்கள். எழுதியவர் கட்டுண்டு காவலில் இருக்கிறார். அவரோடு இருந்த எப்பாப்பிரோதீத்து வியாதிப்பட்டுச் சாவுக்குப் பக்கத்தில் போய்வந்திருக்கிறார். துக்கத்தின்மேல் துக்கம் வராதபடி தேவன் எனக்கு இரங்கினார் என்று பவுல் எழுதுகிறார். அதாவது, நண்பர் இறந்திருந்தால் தாம் துக்கப்பட்டிருப்பார் என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறார். 3-ஆம் அதிகாரத்தில், வழிதவறியவர்களைப் பற்றிக் கண்ணீரோடு சொல்கிறேன் என்கிறார். அடுத்த அதிகாரத்தில்தான் "எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்" வருகிறது. அழுகையும் சந்தோஷமும் ஒரே கடிதத்தில், ஒரே மனிதரிடம் சேர்ந்தே இருக்கின்றன.

எப்படி? கலாத்தியர் 5:22-இல் ஆவியின் கனிகளைப் பட்டியலிடும்போது அன்பு முதலில் வருகிறது, சந்தோஷம் அதற்கு அடுத்து. 13-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இறையியலாளர் தோமா அக்குவினாஸ் இந்த வரிசையைப் பிடித்துக்கொண்டு ஒரு விளக்கம் தருகிறார். சந்தோஷம் தனியாக முயன்று வளர்க்கும் ஒரு நற்குணம் அல்ல, அன்பின் விளைவு. நாம் நேசிப்பவர் நம்மோடு இருந்தால் சந்தோஷம் தானாக வரும். அவரை இழந்தால், அல்லது அவருக்கு ஒரு கேடு வந்தால், துக்கம் வரும். இரண்டுக்கும் வேர் ஒன்றே.

இந்த விஷயத்தின் இயக்கமே இங்கேதான் இருக்கிறது. ஆவிக்குரிய வளர்ச்சி என்பது நாம் எதை, எந்த அளவுக்கு, எந்த ஒழுங்கில் நேசிக்கிறோம் என்பது மாறுவது. அன்பு மாறும்போது எதற்காக அழுகிறோம், எதற்காக மகிழ்கிறோம் என்பதும் மாறுகிறது. முன்பு தன் பெயர் கெட்டதற்காக மட்டும் அழுதவர், இப்போது தன்னால் காயப்பட்டவரை நினைத்து அழுகிறார். முன்பு அடுத்தவரின் உயர்வு கசந்தது, இப்போது இனிக்கிறது. துக்கம் ஒழிந்து சந்தோஷம் மட்டும் மிஞ்சுவது வளர்ச்சி என்று நினைத்தால், இயேசுவை எங்கே வைப்பது? இறந்துபோன நண்பர் லாசருவை எழுப்பப்போகிறேன் என்று தெரிந்தே கல்லறைக்கு வந்தவர் அவர். இருந்தும், "இயேசு கண்ணீர் விட்டார்."

ஒரே மனிதரின் இரண்டு துக்கங்கள்

அன்பு மாறும்போது துக்கம் எப்படி மாறுகிறது என்பதைப் பின்னாளில் ஆயரான பெரிய இறையியலாளர் அகுஸ்தீனாரின் வாழ்க்கையில் அருகிலிருந்து பார்க்கலாம். தன் வாழ்க்கையைக் கடவுளிடம் சொல்வதாகவே அவர் எழுதிய நூலில் இரண்டு மரணங்கள் வருகின்றன.

முதலாவது, இளவயதில் வட ஆப்பிரிக்காவில் சொந்த ஊரான தகாஸ்தேயில் நெருங்கிய நண்பர் ஒருவர் காய்ச்சலில் இறந்தது. அகுஸ்தீனார் அப்போது விசுவாசத்துக்கு வெளியே இருந்தார். பார்த்த இடமெல்லாம் மரணமாகத் தெரிந்தது, பழகிய இடங்கள் எல்லாம் வெறுத்துப்போயின. ஊரில் இருக்க முடியாமல் கார்த்தேஜுக்கே போய்விட்டார். பின்னாளில் அதைத் திரும்பிப் பார்த்து, சாகப்போகும் ஒருவரைச் சாகவே மாட்டார் என்பதுபோல் நேசித்தேன் என்று எழுதுகிறார்.

இரண்டாவது, 387-இல் ஓஸ்தியா துறைமுகத்தில் அவர் தாய் மோனிக்கா இறந்தது. மகனின் மனமாற்றத்துக்காகப் பல ஆண்டுகள் கண்ணீர்விட்ட தாய் அவர். அகுஸ்தீனார் ஞானஸ்நானம் பெற்றதும் அதே ஆண்டில்தான். தாயின் கண்களை மூடிவைத்தபோது உள்ளிருந்து அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டார். நல்லபடியாக இறந்தவருக்காக ஒப்பாரி வைப்பது சரியல்ல என்று நினைத்தார். வாய்விட்டு அழுத தம் மகனையும் அங்கிருந்தவர்கள் அடக்கினார்கள். அடக்கம் முடியும்வரை அவர் கண்ணில் நீர் இல்லை, ஆனால் உள்ளே துக்கம் அழுத்தியது. இப்படித் துக்கப்படுகிறோமே என்ற இன்னொரு துக்கமும் சேர்ந்துகொண்டது. குளித்தால் மனபாரம் குறையும் என்று கேள்விப்பட்டுக் குளித்துப் பார்த்தார். குறையவில்லை. பிறகு தூங்கினார். எழுந்தபோது கொஞ்சம் இலகுவாக இருந்தது. படுக்கையில் தனியாக இருந்தபோது தாயின் நினைவு மெல்லத் திரும்பியது. அதுவரை அடக்கிவைத்த கண்ணீரைக் கடவுளுக்கு முன்பாகத் திறந்துவிட்டார். அந்தக் கண்ணீரில் தன் இருதயம் இளைப்பாறியது என்கிறார்.

இரண்டாம் துக்கம் முதலாவதைவிடச் சிறியது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் முதலாவது அவரை ஊரைவிட்டே ஓடவைத்தது. இரண்டாவது அவரைக் கடவுளிடம் பேசவைத்தது, தாய்க்காக ஜெபிக்கவைத்தது. விசுவாசத்தின் பெயரால் கண்ணீரை அடக்கிய அந்தச் சில மணி நேரம் அவருக்கு எந்த உதவியும் செய்யவில்லை என்பதையும் அவர் மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

இஞ்ஞாசியார் கவனித்தது

சரி, ஓர் உணர்வு எந்தப் பக்கம் நகர்த்துகிறது என்பதை அந்த நேரத்திலேயே எப்படிக் கண்டுபிடிப்பது? இதற்கு மிகவும் நடைமுறையான பதிலைக் கொடுத்தவர், ஸ்பெயின் வீரராக இருந்து பின்னர் இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார். 1521-இல் பம்ப்லோனா கோட்டைப் போரில் பீரங்கிக் குண்டு அவர் காலை உடைத்தது. வீட்டில் மாதக்கணக்கில் படுத்திருந்தபோது, வாசிக்க வீரசாகசக் கதைகள் கேட்டார். கிடைத்தவை கிறிஸ்துவின் வாழ்க்கையும் புனிதர்களின் வரலாறும்தான்.

படுத்தபடியே இரண்டு விதமாகக் கனவு கண்டார். ஒரு சீமாட்டிக்காகத் தான் செய்யப்போகும் வீரச்செயல்கள் ஒரு கனவு. புனிதர்களைப்போல் வாழ்ந்தால் எப்படி இருக்கும் என்பது இன்னொன்று. இரண்டுமே காணும் நேரத்தில் இன்பமாக இருந்தன. வித்தியாசம் பிறகுதான் தெரிந்தது. முதல் கனவு கலைந்ததும் மனம் வறண்டு வெறுமையாகக் கிடந்தது. இரண்டாவது கலைந்த பிறகும் மகிழ்ச்சி தங்கியது. இந்தச் சின்னக் கவனிப்பிலிருந்துதான் அவருடைய பகுத்தறியும் முறை முழுவதும் வளர்ந்தது. அவர் எழுதிய பயிற்சி நூலுக்குத் திருத்தந்தை மூன்றாம் பவுல் 1548-இல் ஒப்புதல் தந்தார்.

அந்த நூலில் இரண்டு சொற்கள் முக்கியம். நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு ஆகியவை கூடும்படி உள்ளம் கடவுள் பக்கம் இழுக்கப்படும் நிலையை ஆறுதல் நிலை என்கிறார். குழப்பமும் அமைதியின்மையும் சூழ்ந்து, ஜெபத்தில் ருசியற்று, கடவுள் விலகிவிட்டார் என்று தோன்றும் நிலையை வெறுமை நிலை என்கிறார். இங்கே பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ஆறுதல் நிலை என்பது இனிய உணர்வு அல்ல. தன் பாவத்துக்காகவோ கிறிஸ்துவின் பாடுகளுக்காகவோ வடிக்கும் கண்ணீரையும் இஞ்ஞாசியார் ஆறுதல் நிலையில்தான் சேர்க்கிறார். அழுதுகொண்டே ஆறுதல் நிலையில் இருக்கலாம். சிரித்துக்கொண்டே வெறுமை நிலையிலும் இருக்கலாம்.

அவர் தரும் விதிகளில் ஒன்றைப் புதியவர்கள் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். வெறுமை நிலையில் இருக்கும்போது, முன்பு தெளிவான மனதோடு எடுத்த தீர்மானத்தை மாற்றாதீர்கள். ஊழியத்தை விட்டுவிடலாம், ஜெபத்தை நிறுத்திவிடலாம், திருமணம் தவறாகிவிட்டது என்றெல்லாம் அப்போது தோன்றும். தோன்றட்டும், முடிவெடுக்க அது நேரமல்ல. ஜெபத்தைக் குறைப்பதற்குப் பதில் சற்றே கூட்டச் சொல்கிறார். வெறுமை வருவதற்கு மூன்று காரணங்களும் சொல்கிறார்: நம் அசட்டை, நம் உறுதியைச் சோதித்தறிவது, ஆறுதல் நம் சம்பாத்தியமல்ல கொடை என்று உணர்த்துவது. மூன்றில் ஒன்றுதான் நம் குற்றம் என்பதைக் கவனியுங்கள். ஜெபம் வறண்டால் உடனே "ஏதோ பாவம் இருக்கிறது" என்று தேடத் தொடங்குகிறவர்களுக்கு இது பெரிய விடுதலை.

சந்தோஷத்தையும் அவர் கண்ணை மூடிக்கொண்டு நம்பச் சொல்லவில்லை. நன்றாகத் தொடங்கிப் பெருமையிலும் சண்டையிலும் முடிகிற உற்சாகங்கள் உண்டு. தொடக்கம், நடு, முடிவு மூன்றையும் பார் என்கிறார்.

சுருக்கமாக: உணர்வு வந்த நேரத்தில் அது எவ்வளவு இனித்தது, எவ்வளவு வலித்தது என்பதைவிட, போன பிறகு எதை விட்டுவிட்டுப் போனது என்பதைக் கவனிக்க வேண்டும்.

எல்லாக் கஷ்டமும் இருண்ட இரவு அல்ல

கடன் ஏறினாலும் வேலை போனாலும், "எனக்கு இது ஆன்மாவின் இருண்ட இரவு" என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. இந்தப் பெயரைத் தந்த ஸ்பெயின் துறவி சிலுவை யோவான் சொன்னது வேறு. 1577-இலிருந்து 1578 வரை ஏறத்தாழ 9 மாதம், சொந்த சபைத் துறவிகளாலேயே தொலேதோவில் அடைத்துவைக்கப்பட்டவர் அவர். ஆனால் இருண்ட இரவு என்று அவர் குறிப்பது அந்தச் சிறையை அல்ல. ஜெபத்தில் முன்னேறியவரிடமிருந்து கடவுள் இனிய உணர்வுகளை விலக்கி, உணர்வுக்காக இல்லாமல் தமக்காகவே தம்மை நேசிக்கப் பழக்கும் கட்டம் அது.

அதை அடையாளம் காண மூன்று குறிகளைச் சொல்கிறார். கடவுள் காரியங்களில் ருசி இல்லை, உலகக் காரியங்களிலும் இல்லை. கடவுளுக்குச் சரியாகப் பணிசெய்யவில்லையே என்ற கவலை விடாமல் இருக்கிறது. முன்புபோல் கற்பனையைக் கொண்டு தியானிக்க முடியவில்லை. மூன்றும் சேர்ந்திருக்க வேண்டும். உடல்நிலையால் வரும் மனச்சோர்வு வேறு என்பதை அவரே பிரித்துச் சொல்கிறார். அன்னை தெரேசா பல பத்தாண்டுகள் இப்படிப்பட்ட இருளில் இருந்தது, 2007-இல் அவருடைய கடிதங்கள் வெளியானபோதுதான் உலகுக்குப் பரவலாகத் தெரிந்தது. உள்ளே எதுவும் உணராதபோதும் அவர் செய்த பணி நிற்கவில்லை.

உடலை மறக்காதீர்கள்

தீர்க்கதரிசி எலியா சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்று கேட்டார். அவருக்கு அப்போது போதனை எதுவும் வரவில்லை. தூக்கம் வந்தது. தூதன் தட்டியெழுப்பி, சுட்ட அடையும் தண்ணீரும் காட்டி, எழுந்து சாப்பிடு என்றான். சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார். மறுபடியும் எழுப்பிச் சாப்பிடவைத்தான். கடவுள் அவரோடு பேசியது அதற்கெல்லாம் பிறகு, ஓரேப் மலையில். துக்கத்துக்கு மருந்து என்னென்ன என்று தோமா அக்குவினாஸ் எழுதும்போதும் கண்ணீர், நண்பர்களின் பரிவு, உண்மையைத் தியானிப்பது இவற்றோடு தூக்கத்தையும் குளியலையும் சேர்க்கிறார். அதற்கு அவர் மேற்கோள் காட்டுவது அகுஸ்தீனாரின் அந்த இரவைத்தான்.

வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பிட முடியவில்லை, சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறது என்றால், அது மருத்துவரிடம் போக வேண்டிய நிலை. தாமதிக்க வேண்டாம். மருந்து எடுத்துக்கொள்வது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், தூதன் எலியாவிடம் கொண்டுவந்தது என்ன என்று கேளுங்கள்.

பக்கத்தில் இருப்பவர்களுக்கு

"சந்தோஷப்படுகிறவர்களுடனே சந்தோஷப்படுங்கள், அழுகிறவர்களுடனே அழுங்கள்" என்று ரோமர் 12:15 சொல்கிறது. அழுகிறவர்களைச் சந்தோஷப்படுத்துங்கள் என்று அங்கே இல்லை. ஜெபப்புத்தகமான சங்கீதத்தில் 88-ஆவது சங்கீதம் கடைசியில் ஒரு நம்பிக்கை வரிகூட இல்லாமல் இருளிலேயே முடிகிறது. அதற்கு ஒரு நல்ல முடிவை யாரும் எழுதிச் சேர்க்கவில்லை. அப்படி ஜெபிக்கிறவருக்கும் சபையில் இடம் இருக்கிறது.

பிள்ளைகளையும் உடைமையையும் சுகத்தையும் இழந்த யோபுவின் நண்பர்கள் மூவரும் தொடக்கத்தில் செய்தது சரியாகவே இருந்தது. அவர் வேதனையைப் பார்த்து, ஒரு வார்த்தையும் பேசாமல், ஏழு நாள் இரவும் பகலும் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பிறகுதான் காரணம் சொல்லத் தொடங்கினார்கள்: நீ பாவம் செய்திருப்பாய், மனந்திரும்பு, எல்லாம் சரியாகும். யோபு கடவுளிடமே முறையிட்டார், வழக்காடினார், பிறந்த நாளைச் சபித்தார். கடைசியில் கடவுள் அந்த நண்பர்களிடம், என் தாசனாகிய யோபு பேசியதுபோல் நீங்கள் என்னைக் குறித்துச் சரியாகப் பேசவில்லை என்றார். அவர்களுக்காக யோபுவையே வேண்டுதல் செய்யவும் சொன்னார்.